தோட்டக்காரி ஊறுகாய்: புட்டிக்குள் அடைத்த காய்கறியின் கதை



இப்போது யூடியூபிலும் ரீல்ஸிலும் ஒரு ஊறுகாய் சுற்றிக்கொண்டு இருக்கிறது. காலிஃபிளவர், கேரட், குடைமிளகாய், வெங்காயம், செலரி என்று கலர் கலராக ஒரு கண்ணாடி ஜாடியில் அடுக்கி வைத்திருப்பார்கள். பெயர் ஜார்டினியேரா. இத்தாலிச் சரக்கு.

"வீட்லயே போடலாம், மாசக்கணக்கில் கெடாது" என்கிறார்கள்.

போடலாம். தாராளமாகப் போடலாம். ஆனால் அது எதனால் கெடாமல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க உலகம் நூறு வருடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது. நடுவில் பல உயிர்களும் போயின.

அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர். இத்தாலிய மொழியில் ஜார்டினோ என்றால் தோட்டம். ஜார்டினியேரா என்றால் தோட்டக்காரி. கோடையில் தோட்டத்தில் விளைந்து மிஞ்சியதை எல்லாம் நறுக்கி வினிகரில் போட்டு, குளிர்காலத்துக்கு எடுத்து வைப்பது. அவ்வளவுதான் விஷயம்.

ஏன் வினிகர்?

அங்கே திராட்சை விளைகிறது. திராட்சையில் ஒயின். ஒயினைக் காற்றுப்பட விட்டால் புளித்து வினிகர். வினிகர் என்ற சொல்லே பிரெஞ்சில் "புளித்த ஒயின்" என்று பொருள்படுவதுதான். குளிர்காலத்தில் தோட்டத்தில் ஒன்றும் விளையாது, வெயிலும் கிடையாது. கையில் இருந்தது புளித்த ஒயின். அதிலேயே காயைப் போட்டார்கள்.

நம்ம பக்கம் கதை வேறு.

விருதுநகர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரிசல் காடு. வருடம் முழுவதும் தண்ணீர் ஓடும் ஆறு கிடையாது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் மழை பெய்தால்தான் ஆறு. ஆனால் வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே தூத்துக்குடி உப்பளம்.

அதனால் நம்ம ஆட்கள் கண்டுபிடித்தது உப்பும் வெயிலும். சுண்டைக்காய் வத்தல், கொத்தவரங்காய் வத்தல், மோர் மிளகாய், கருவாடு. காயில் இருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிட்டால் கிருமிக்கு வேலை இல்லை.

யோசித்துப் பார்த்தால் எங்கள் மாவட்டத்தில் பேர் வாங்கிய தின்பண்டம் பாதியும் இதே தத்துவம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பாலில் இருக்கும் தண்ணீரைச் சுண்டவைத்து சர்க்கரையோடு சேர்த்தது. சாத்தூர் காராச்சேவு, மாவில் இருக்கும் தண்ணீரை எண்ணெயில் பொரித்து விரட்டியது. விருதுநகர் சந்தை பேர் வாங்கியதே வத்தல், பருப்பு, எண்ணெய் என்று மூட்டை கட்டி வைத்தாலும் கெடாத சரக்குகளால்தான்.

அப்போ நமக்கு வினிகர் தெரியாதா?

தெரியும். தமிழில் அதற்குப் பெயர் காடி. அதற்கான மூலப்பொருளும் நம்ம காட்டிலேயே நின்றது. பனை மரம்.

பனஞ்சாற்றை அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் கள். கள்ளை இன்னும் விட்டால் காடி. இந்தப் புளிப்பைத் தடுக்கத்தான் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினார்கள். சுண்ணாம்பு காரம். நுரைக்க வைக்கும் கிருமியை அது அடக்கிவிடும். அதுதான் பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி.

அதாவது ஒரே சாறு, இரண்டு பாதை. நம்ம பனங்காட்டில் பெரிதும் கருப்பட்டிப் பாதையில் போனோம். இலங்கையிலும் கோவாவிலும் தென்னங்கள்ளைப் புளிக்கவிட்டு வினிகர் எடுக்கும் வழக்கம் வேர்விட்டது.

இலங்கையில் அந்த வினிகர் எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அச்சாறுக்குள். கொழும்புப் பக்கம் பிரியாணி சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், ஓரத்தில் மலே அச்சாறு வைப்பார்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கேரட், அரைத்த கடுகு, வினிகர். டச்சுக்காரர்கள் ஆட்சியில் இந்தோனேசியத் தீவுகளில் இருந்து வந்து சேர்ந்த மலாய் மக்களின் கைப்பக்குவம் அது. ஆச்சார் என்ற பாரசீகச் சொல் அங்கே அச்சாறு ஆனது. மலேசியாவில் அதுவே அச்சார்.

காய்கறிக் கலவை, வினிகர், ஜாடி. பார்த்தால் இத்தாலித் தோட்டக்காரிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்.

இன்னொரு உறவும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்கள் இங்கே ஊறுகாய் ருசி கண்டு ஊர் திரும்பினார்கள். அங்கே மாங்காயும் இல்லை, வெயிலும் இல்லை. காலிஃபிளவரையும் வெங்காயத்தையும் வினிகரில் போட்டு, மஞ்சளும் கடுகும் சேர்த்து, இந்திய ஊறுகாய் என்று ஒன்றைச் செய்தார்கள். ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் புகழ்பெற்ற சமையல் புத்தகத்திலேயே அது ஏறியது. இன்றைக்கும் இங்கிலாந்தில் பிக்கலில்லி என்ற பெயரில் விற்கிறது.

இதெல்லாம் பழைய கதை. புதுக் கதைக்கு வருகிறேன்.

சாத்தூர் வெள்ளரிக்காயை நாம் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அப்போதே தின்று தீர்க்கிறோம். அதன் சொந்தக்காரக் காய் ஒன்று கெர்கின். குட்டி வெள்ளரி. பர்கருக்குள் வட்ட வட்டமாக வைத்திருப்பார்களே, அதுதான். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் இதைப் பயிரிட ஆரம்பித்து, பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் பரவியது. ஒப்பந்தச் சாகுபடி. 90 நாள் பயிர். வினிகரிலும் உப்புத் தண்ணீரிலும் போட்டு பேரலாகவும் புட்டியாகவும் கப்பல் ஏறுகிறது.

மத்திய அரசின் கணக்குப்படி 2020-21ல் வெள்ளரி, கெர்கின் இரண்டும் சேர்த்து 2,23,515 டன் ஏற்றுமதி. மதிப்பு 22 கோடி டாலருக்கு மேல். சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள் இதில் இருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் கெர்கின் ஏற்றுமதி செய்யும் நாடு நாம்தான்.

ஆக, காயை வினிகரில் அடைப்பது நமக்கு அந்நியம் இல்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதிக்கும் புளிப்பை அளந்து பார்க்கிறார்கள். வீட்டில் யார் அளக்கிறார்கள்? அங்கேதான் ஒரு மருத்துவராக நான் உள்ளே வருகிறேன்.

கதையின் இருட்டுப் பகுதி இது.

1793. ஜெர்மனியில் வில்ட்பாட் என்ற ஊர். ரத்தத் தொத்திறைச்சி (அதாவது குடலுக்குள் இறைச்சியையும் ரத்தத்தையும் அடைத்து வேகவைத்தது) சாப்பிட்ட 13 பேர் நோயில் விழுந்தார்கள். 6 பேர் இறந்தார்கள். காரணம் தெரியவில்லை.

1810. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர், புட்டியில் உணவை அடைத்து, கார்க்கால் மூடி, கொதிநீரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்று செய்து காட்டி அரசாங்கத்திடம் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். ஏன் கெடவில்லை என்று அவருக்கும் தெரியாது. பாஸ்டர் வந்து கிருமியைப் பற்றிச் சொல்ல இன்னும் ஐம்பது வருடம் ஆனது.

1820. அதே ஜெர்மன் வட்டாரத்தில் வைன்ஸ்பெர்க் என்ற சின்ன ஊர். அங்கே யுஸ்டினஸ் கெர்னர் என்று ஒரு மருத்துவர். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு தாலுகாவுக்கு அரசு டாக்டர். பெரிய ஆராய்ச்சிக் கூடம் எல்லாம் கிடையாது. கவிதையும் எழுதுவார். தன் பகுதியிலும் சுற்றுவட்டாரத்திலும் தொத்திறைச்சி சாப்பிட்டு விழுந்தவர்களை ஒவ்வொருவராகக் குறித்து வைத்தார். முதல் நூலில் 76 பேர். 1822ல் அடுத்த நூலில் 155 பேர்.

இமை தொங்குகிறது. பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறது. வாய் உலர்கிறது. விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சு நிற்கிறது. கடைசி வரை நினைவு தெளிவாக இருக்கிறது.

இருநூறு வருடம் கழித்து நான் படித்த பாடப்புத்தகத்திலும் இதே வரிசைதான். கெர்னர் அந்த விஷத்தைத் தானே கொஞ்சம் நாக்கில் வைத்தும் பார்த்தார். இந்த விஷம் காற்றுப் புகாத இடத்தில்தான் உண்டாகிறது என்பதையும் அவர் கவனித்துவிட்டார்.

இங்கே சிவகாசிக்காரர்களுக்கு ஒரு துணுக்கு. வெடியுப்பு நமக்குப் பட்டாசுச் சரக்கு. ஐரோப்பாவில் அதே வெடியுப்பை, இறைச்சி சிவப்பாக இருக்க வேண்டும் என்று உப்போடு சேர்த்துத் தடவுவார்கள். அது மெல்ல நைட்ரைட்டாக மாறி இந்தக் கிருமியையும் தடுக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. நிறத்துக்குப் போட்டது உயிரையும் காத்தது. (அளவு தெரியாமல் வெடியுப்பைச் சாப்பாட்டில் போட்டால் அதுவே விஷம். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

1895 டிசம்பர். பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற ஊர். ஒரு இறுதிச் சடங்குக்கு வாசித்துவிட்டு வந்த பேண்டு வாத்தியக் குழு, உப்பில் ஊறிய பன்றித் தொடையைச் சாப்பிட்டது. 34 பேர் பாதிக்கப்பட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மென்கெம் என்ற பேராசிரியர் அந்த இறைச்சியில் இருந்தும் இறந்தவர் உடலில் இருந்தும் கிருமியைப் பிரித்தெடுத்தார். தொத்திறைச்சிக்கு லத்தீனில் பாட்டுலஸ். அதனால் கிருமிக்குப் பெயர் பாட்டுலினம். நோய்க்குப் பெயர் பாட்டுலிசம்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் முக்கியம். உப்பு போதுமான அளவு இருந்தால் இந்தக் கிருமி விஷம் உண்டாக்காது.

சரி, இதெல்லாம் இறைச்சிதானே, காய்கறிக்கு என்ன?

1919. அமெரிக்காவில் ஓஹியோ மாநிலம் கேன்டன் நகரில் ஒரு விருந்து. கலிஃபோர்னியாவில் இருந்து வந்த ஆலிவ் காய், கண்ணாடிப் புட்டியில். 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், புளிப்பில்லாத காயை அடைத்தால் 121 டிகிரி வரை சூடுபடுத்தியே தீர வேண்டும் என்ற விதி தொழிற்சாலைகளில் இறுகியது. ஏனென்றால் இந்தக் கிருமியின் வித்து சாதாரணக் கொதிநீரில் சாகாது. 100 டிகிரி அதற்குக் குளியல் மாதிரி.

1985. கனடாவில் வான்கூவர். எண்ணெயில் போட்டு வைத்த நறுக்கிய பூண்டு. ஒரே உணவகம். 36 பேர்.

1996. குஜராத். ஒரு விடுதிப் பள்ளியில் 34 மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 3 பேர் இறந்தார்கள். விசாரணையில் சந்தேகத்துக்கு ஆளானது கடலைமாவுச் சேவு. "இந்தியாவில் இதெல்லாம் வராது சார்" என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இத்தாலி? ஐரோப்பாவில் பாட்டுலிசம் அதிகம் பதிவாகும் நாடுகளில் அதுவும் ஒன்று. பெரும்பாலும் வீட்டில் போட்ட காய்கறிப் புட்டிகளால்தான். ஆனால் வினிகருக்குள் முழுதாக மூழ்கிக் கிடக்கும் தோட்டக்காரி பொதுவாகக் குற்றவாளி இல்லை. வினிகரைக் குறைத்து எண்ணெயிலோ வெறும் தண்ணீரிலோ போட்டதுதான் ஆபத்து. அதனால்தான் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனம், எண்ணெயில் போடப்போகும் காயை முதலில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்ததில் கொதிக்கவிடச் சொல்கிறது.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம்.

நம்மில் பலர் நினைப்பது, "மேலே எண்ணெய் மிதந்தா ஊறுகாய் கெடாது".

பாதி உண்மை. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். எண்ணெய் காற்றை மறைக்கிறது. பூஞ்சை வராது. ஆனால் பாட்டுலினம் காற்றில்லாத இடத்தில்தான் வளரும். அதற்கு எண்ணெய் தடை இல்லை, வசதி.

அப்படியென்றால் நம்ம பாட்டி போட்ட பூண்டு ஊறுகாய் யாரையும் கொல்லவில்லையே?

கொல்லாததற்குக் காரணம் நல்லெண்ணெய் இல்லை. அதில் இருந்த புளியும் எலுமிச்சையும் உப்பும். புளிப்பை அளக்கும் பி.எச். அளவு 4.6க்குக் கீழே போனால் இந்தக் கிருமி தலையெடுக்காது. உப்பு பத்து சதவீதம் அளவுக்கு இருந்தாலும் தலையெடுக்காது. மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய் எல்லாம் பிறவியிலேயே புளிப்பு. பூண்டுக்குப் புளிப்பு இல்லை, அதனால் புளி ஊற்றினார்கள். பாட்டிக்கு பி.எச். தெரியாது. ஆனால் பக்குவம் தெரியும்.

காலிஃபிளவர், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் இவற்றுக்கும் புளிப்பு கிடையாது. ஆகவே அந்தக் கலர் ஜாடியில் உங்களைக் காப்பாற்றுவது வினிகர் ஒன்றுதான். அதில் கை வைத்தால் காப்பு போய்விடும்.

ஓ.பி.யில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டாக்டர், எனக்கு பி.பி. இருக்கு. ஊறுகாய் இல்லாம சோறு இறங்காது. உப்பைப் பாதியாக் குறைச்சு வீட்லயே போட்டுக்கட்டுமா?"

அக்கறையான கேள்வி. ஆனால் பதில் வேண்டாம் என்பதுதான்.

ஊறுகாயில் உப்பைக் குறைக்காதீர்கள். தட்டில் ஊறுகாயைக் குறையுங்கள்.

ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டீஸ்பூன். அதில் ஊறுகாயும் அடக்கம், வத்தலும் அடக்கம், காராச்சேவும் அடக்கம். பி.பி., சிறுநீரகப் பிரச்சினை, இதயச் செயலிழப்பு இருப்பவர்கள் வாரத்தில் ஒரு நாள் விரல் நுனியில் தொட்டுக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

இங்கே ஜார்டினியேராவுக்கு ஒரு நல்ல பெயர் கொடுக்கலாம். அதில் காவல்காரர் உப்பு இல்லை, வினிகர். அதனால் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். வினிகரைத்தான் குறைக்கக் கூடாது.

போட ஆசைப்படுபவர்களுக்கு:

- வினிகர் புட்டியில் அமிலத்தன்மை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 5 என்றால் ஒரு பங்கு வினிகருக்கு அதிகபட்சம் ஒரு பங்கு தண்ணீர். 4 என்றால் தண்ணீரே சேர்க்காதீர்கள்.
- சதவீதம் போடாத வினிகர் வேண்டாம். கெட்டி அசிட்டிக் அமிலத்தை வாங்கி வீட்டில் கலப்பதும் வேண்டாம். குடித்தால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துவிடும். தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் குழந்தை எடுத்துக் குடித்துவிடும்.
- பித்தளை, செம்புப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வரில் காய்ச்சுங்கள், கண்ணாடியில் அடையுங்கள்.
- காயைக் கழுவி, சின்னதாக நறுக்கி, வினிகர்த் தண்ணீரிலேயே ஒரு கொதி விட்டு, கொதிக்கக் கொதிக்க ஜாடியில் ஊற்றுங்கள். காய் முழுதும் மூழ்க வேண்டும்.
- ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள். மாசக்கணக்கில் அலமாரியில் வைப்பது தொழிற்சாலை வேலை.
- ஈரக் கரண்டி கூடாது.
- மூடி உப்பினாலோ, திறந்ததும் பீறிட்டாலோ, நாற்றம் வந்தாலோ ருசி பார்க்காமல் குப்பைக்கு. ஆனால் ஒன்று, பாட்டுலினம் இருந்தால் நாற்றம் வந்தே தீரும் என்று இல்லை. மூக்கை நம்பாதீர்கள், புளிப்பை நம்புங்கள்.

கடைசியாக ஒரு அபாய அறிகுறி.

எங்கள் பக்கம் காலையில் எழுந்ததும் இமை தூக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்று ஒருவர் வந்தால் எங்களுக்கு முதலில் நினைவு வருவது கட்டுவிரியன் கடி. கடித்த தடம் கூடத் தெரியாது. பாட்டுலிசமும் ஏறக்குறைய அதே முகத்தோடுதான் வரும். பெரும்பாலும் சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்துக்குள். சிலருக்கு சில நாள் கழித்தும் வரலாம். காய்ச்சல் இருக்காது.

இமை தொங்கல், இரட்டைப் பார்வை, குழறும் பேச்சு, விழுங்க முடியாமை. இதில் எது வந்தாலும் உடனே பெரிய அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 108ஐ அழையுங்கள். முந்தின இரண்டு மூன்று நாளில் என்ன சாப்பிட்டீர்கள் என்று நாங்கள் கேட்கும் முன்பே சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் அந்த ஜாடியையும் மூடிக் கொண்டு வாருங்கள். நேரத்தோடு வந்தால் வென்டிலேட்டர் வைத்து, நச்சுமுறி கொடுத்துக் காப்பாற்றலாம். கெர்னருக்கு இது எதுவும் கையில் இல்லை. எழுதி வைக்க ஒரு நோட்டு மட்டும் இருந்தது. அவர் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்கு அடையாளம் தெரிகிறது.

ஊறுகாய் போடுங்கள், நண்பர்களே. பாட்டியின் அளவையும் மாற்றாதீர்கள், வினிகரின் அளவையும் மாற்றாதீர்கள். ஜாடியில் தாராளமாக இருங்கள், தட்டில் கஞ்சமாக இருங்கள்.

வீட்டில் ஊறுகாய் போடுபவர்களுக்கும், போட்டு விற்கும் மகளிர் குழு சகோதரிகளுக்கும் இதைப் பகிருங்கள்.



அரசு மருத்துவர்
விருதுநகர் மாவட்டம்